வெள்ளத்தில் நின்றுபோன வாகனம்: மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கடும் மழை சில மணித்தியாலங்கள் விடாமல் பெய்தால் பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகர வீதிக்கு ஏறிவிடுகிறது. களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்குகின்றன. வருட இறுதியில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கிண்ணியா, மூதூர் என்று கிழக்கிலும் இதே கதைதான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி பல மாவட்டங்களை ஒரே நேரத்தில் மூழ்கடித்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கராஜ்களின் முன்னால் வாகனங்கள் வரிசையில் நிற்பதை நாம் பார்க்கிறோம்.

அந்த வரிசையில் இரண்டு வகை வாகனங்கள் உண்டு. ஒன்று, ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு ப்ளக்கோ கொயிலோ மாற்றினால் வீட்டுக்குப் போகக்கூடியது. மற்றது, இஞ்சினைக் கழற்றித் திறக்க வேண்டியது. இரண்டாவது வகையில் கணிசமானவை தண்ணீரில் நின்ற நேரத்தில் முதல் வகையாகத்தான் இருந்திருக்கும். பிறகு யாரோ சாவியைத் திருப்பியதால்தான் அவை இரண்டாவது வகையாக மாறின.

தண்ணீருக்கு நடுவில் கார் நின்றதும் நாலு பேர் கூடுவார்கள். "இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க நானா, புடிச்சிரும்" என்பார் ஒருவர். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த ஆலோசனைதான் எம்மவர்களுக்கு அதிக செலவை வைக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. லீசிங் கட்டி முடியாத வாகனம், அதை நம்பியிருக்கும் கடை, பாடசாலை வான் ஓட்டம் என்று பல குடும்பங்களின் வாழ்வாதாரம் அந்த ஒரு இஞ்சினில் தங்கியிருக்கிறது. ஆகவே இந்த விடயத்தைச் சரியாக விளங்கிக்கொள்வது நல்லது.

தண்ணீர் உள்ளேயா, வெளியேயா?

வாகனம் தண்ணீரில் நின்றால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "ப்ளக்குக்கு கரண்ட் வருதா?" என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீர் இஞ்சினுக்கு உள்ளே போனதா, வெளியே உள்ள வயர்களை மட்டும் நனைத்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இஞ்சின் காற்றை உறிஞ்சி, பெற்றோலுடன் கலந்து, சிலிண்டருக்குள் அமுக்கி, ஸ்பார்க் கொடுத்து எரிக்கிறது. காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. எயார் பில்டர் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டால் மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேலும் சுற்ற வைத்தால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும், சில வேளை உடையும்.

இதற்கு எவ்வளவு தண்ணீர் தேவை? எமது வீதிகளில் அதிகம் ஓடும் 660 சீசீ மூன்று சிலிண்டர் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் அளவு சுமார் 220 சீசீ. பிஸ்டன் முழுதாக மேலே வந்ததும் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 20 மில்லிலீற்றர்தான். அதாவது நான்கு தேக்கரண்டி தண்ணீர் போதும். டீசல் வாகனங்களில் காற்று இன்னும் அதிகமாக அமுக்கப்படுகிறது. அங்கே மிஞ்சும் இடம் இன்னும் குறுகலானது, ஆபத்தும் அதிகம்.

ஆகவே வாகனம் எப்படி நின்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் ஒரே அடியில் 'டக்' என்று நின்றதா? அப்படியானால் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இருமுவது போல விக்கி விக்கி, இழுவை குறைந்து, கடைசியில் அணைந்ததா? அப்படியென்றால் ஈரம் பிடித்த இக்னிஷன் பகுதிகள் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கராஜ் பாஸிடம் இந்த ஒரு விபரத்தைச் சொன்னாலே அவருடைய வேலை பாதி குறையும்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, சாவியைத் திருப்ப வேண்டாம். ஒரு தடவை கூட வேண்டாம். இக்னிஷனை முழுமையாக ஓஃப் செய்துவிட்டு, தண்ணீர் ஓட்டம் இல்லாத இடமானால் வாகனத்தை நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் வாகனத்தை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேற வேண்டும்.

இரண்டாவது, கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டருக்கு ஓரளவு பலம்தான் உண்டு. தண்ணீர் இருக்கும் சிலிண்டரில் அது பெரும்பாலும் முட்டி நின்றுவிடும். ஓடும் வாகனத்தின் முழுப் பாரமும் சக்கரத்தின் வழியாக இஞ்சினைச் சுற்றினால் ரொட் வளைவது கிட்டத்தட்ட நிச்சயம்.

மூன்றாவது, பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஈரமான இணைப்புகள் வேகமாக அரிக்கப்படுகின்றன.

நான்காவது, தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று தெரியும்படி வாகனத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக்கும் கராஜுக்கும் இந்தப் படம் உதவும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய இரண்டு இடங்கள்

எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டர் கடதாசி நனைந்திருந்தாலோ, பெட்டிக்குள் தண்ணீர், சேறு, இலைகுழை இருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு வாகனத்தை ஏற்றிக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டும். பில்டர் உலர்ந்து, வழமையான தூசியோடு இருந்தால் தண்ணீர் அந்த வழியால் போகவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்தது ஓயில் கம்பி. கம்பியை இழுத்துப் பாருங்கள். ஓயில் மட்டம் வழமையை விட உயர்ந்திருந்தாலோ, ஓயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலோ அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஓயிலோடு இஞ்சினை ஒரு நிமிடம் கூட ஓட விடக்கூடாது. ஓட்டோமெட்டிக் வாகனமாக இருந்தால் கியர் ஓயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டில் ஒன்றிலாவது சந்தேகம் இருந்தால் கராஜில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ப்ளக் குழிகளில் தேங்கிய தண்ணீரை எயார் அடித்து வெளியேற்றி, எல்லா ப்ளக்குகளையும் கழற்ற வேண்டும். பெற்றோல் வராமலும் ஸ்பார்க் வராமலும் பம்ப் பியூஸையும் கொயில் இணைப்புகளையும் எடுத்துவிட வேண்டும். பிறகு இஞ்சினை முதலில் கையால், ஸ்பேனர் போட்டு, இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் மட்டுமே ஸ்டார்ட்டரால் சில வினாடிகள் சுற்றலாம். உள்ளே இருக்கும் தண்ணீர் ப்ளக் துவாரங்களால் பீறிட்டு வரும். அந்த நேரத்தில் யாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தண்ணீர் வெளியேறிய பின் ஓயிலையும் பில்டரையும் மாற்றி, கொம்பிரஷன் அளந்து பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் கொம்பிரஷன் குறைவாக இருந்தால் ரொட் வளைந்திருக்கலாம். இலேசாக வளைந்த ரொட்டோடும் இஞ்சின் ஓடும். சில வாரங்கள் கழித்து நெடும்பயணம் ஒன்றின் நடுவில் அது உடைந்தால் புளொக்கே போய்விடும். "ஸ்டார்ட் ஆயிடிச்சு, பிரச்சினையில்ல" என்று இந்தச் சோதனையைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

இக்னிஷன் கோளாறு: பழைய வாகனங்கள்

தண்ணீர் உள்ளே போகவில்லை என்று உறுதியான பிறகுதான் இக்னிஷன் பக்கம் வர வேண்டும். இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அல்லது பிடித்தும் விக்கி விக்கி ஓடுகிறது என்றால் இங்கே தேடலாம்.

ப்ளக்கில் ஸ்பார்க் பாய்வதற்குப் பல்லாயிரம் வோல்ட் தேவை. அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் எப்போதும் இலகுவான வழியைத்தான் தேடும். வயரின் மேல் சேற்றுத் தண்ணீர் படிந்திருந்தால் அது ப்ளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே இஞ்சின் உடலுக்குப் பாய்ந்துவிடும். வெள்ளத் தண்ணீரில் மண்ணும் உப்பும் கழிவும் கலந்திருப்பதால் அது மழைத் தண்ணீரை விட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும்.

மாருதி 800, பழைய சனி, லான்சர், கொரோலா போன்ற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வாகனங்களில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வியர்த்தது போல ஈரம் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் மூடியின் உட்புறத்தையும் ரோட்டரையும் துடைத்து, ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். வயர்களின் வரிசை மாறாமல் இருக்க, கழற்ற முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ.டி. 40 போன்ற ஈரம் அகற்றும் ஸ்பிரேயும் இதற்கு உதவும். ஈரத்தை விலக்குவதற்காகவே அது உருவாக்கப்பட்டது. பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஒரு பொறி போதும் வாகனம் எரிந்து போக.

காயவைத்தும் சரிவராவிட்டால் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் தவறான வழியில் பாய்ந்து எரித்த தடம் அது. துடைத்தால் போகாது. மூடியை மாற்றத்தான் வேண்டும். வயர்களில் வெடிப்பு இருக்கிறதா என்று அறிய, இருட்டில் பொனட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் நீல நிறப் பொறிகள் தெரியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

புதிய வாகனங்கள்

விட்ஸ், வெகன் ஆர் போன்ற வாகனங்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஒவ்வொரு ப்ளக்குக்கும் மேலே ஒரு கொயில் இருக்கிறது. தண்ணீர் ப்ளக் குழிக்குள் இறங்கி, கொயிலின் ரப்பர் பகுதியை நனைத்துவிட்டால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. வாகனம் நடுங்கும், இழுவை குறையும், செக் இஞ்சின் விளக்கு எரியும்.

அந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரில் எரிகிறது என்பதே அதன் அர்த்தம். ஒரு கொயில் பிரச்சினையோடு பல மைல் ஓட்டினால் அதை விடப் பெரிய செலவு வரும்.

ஸ்கேனர் போட்டால் பி0301, பி0302 போன்ற குறிகள் வரும். கடைசி எண்தான் சிலிண்டரின் எண். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிட முடியாதபடி பலவற்றில் விடுபடுகிறது என்று பொருள். இங்கே எளிய சோதனை ஒன்று உண்டு. முதலாவது சிலிண்டரில் கோளாறு என்று காட்டினால் அதன் கொயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் இரண்டாவதுக்குப் போனால் கொயில்தான் பழுது. முதலாவதிலேயே நின்றால் ப்ளக், வயர் இணைப்பு, இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு எந்தப் பாகமும் வாங்கத் தேவையில்லை. எதையும் சோதிக்காமல் "நாலு கொயிலும் போட்டுப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், முதலில் மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

எல்லாச் சிலிண்டரிலும் ஸ்பார்க் இல்லாவிட்டால் நான்கு கொயிலும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. பொதுவான ஏதோ ஒன்று நின்றிருக்க வேண்டும். பியூஸ், ரிலே, பிறகு கிராங்க் சென்சர் என்று வரிசையாகப் பாருங்கள். கிராங்க் சென்சர் பல வாகனங்களில் இஞ்சினின் கீழ்ப்பகுதியில், தண்ணீர் முதலில் தொடும் இடத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமும் அசையாவிட்டால் இந்தச் சென்சரைச் சந்தேகிக்கலாம். பல வேளைகளில் அதன் இணைப்பைக் கழற்றி, கொன்டக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து மாட்டினாலே சரியாகிவிடும்.

டீசல் வாகனங்களில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது. டீசல் வான் ஒன்று தண்ணீரில் நின்று ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதை இக்னிஷன் கோளாறு என்று எண்ணி மீண்டும் மீண்டும் அடித்துப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள்களில் வேலை இலகுவானது. ஒரே ஒரு ப்ளக், ஒரு ப்ளக் கெப், ஒரு வயர். ஆனாலும் எயார் பில்டரைப் பார்த்த பிறகே கிக்கர் அடிக்க வேண்டும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு

அக்வா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் வாகனங்களில் இன்னும் கவனம் தேவை. அக்வா, பிரியஸ் வாகனங்களில் இஞ்சினைச் சுற்றுவது ஹைபிரிட் மோட்டார்தான். பவர் பொத்தானை அழுத்தி ரெடி நிலைக்குக் கொண்டு வந்தால், நீங்கள் எதுவும் செய்யாமலேயே கணினி தன் தேவைக்கேற்ப இஞ்சினைச் சுற்றத் தொடங்கும். தண்ணீர் உள்ளே இருந்தால் அதுவே போதும். ஆகவே ரெடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

செம்மஞ்சள் நிற வயர்கள் அனைத்தும் உயர் மின்னழுத்த வயர்கள். இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் ஹைபிரிட் பட்டரி மட்டும் 201.6 வோல்ட். பின் ஆசனப் பகுதி வரை தண்ணீர் ஏறியிருந்தால் வீட்டில் எதையும் கழற்றாமல், ஹைபிரிட் தெரிந்தவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வாகனத்தைக் கயிறு கட்டி இழுக்காமல் கெரியர் லொறியில் ஏற்றி அனுப்புங்கள்.

சில வாரங்கள் கழித்து வரும் கோளாறு

வாகனம் ஓடத் தொடங்கிவிட்டது என்பதால் விடயம் முடிந்துவிடாது. இணைப்புகளுக்குள் தங்கிய ஈரம் செம்பைப் பச்சை நிறமாக அரிக்கும். ஒரு மாதம் கழித்து அதிகாலைப் பனியில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் இருப்பது, மழை பெய்யும்போது மட்டும் விக்குவது எல்லாம் இதனால்தான். களப்புத் தண்ணீரோ கடல் நீரோ ஏறிய கிழக்குப் பகுதி வாகனங்களில் இது விரைவாக வரும். ஆகவே நனைந்த இணைப்புகளை முதல் வாரத்திலேயே கழற்றி, சுத்தம் செய்து மாட்டுவது நல்லது. கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். சில வாகனங்களில் அதற்குக் கீழேதான் முக்கியமான வயர்களும் கணினிப் பெட்டிகளும் இருக்கின்றன.

காப்புறுதியோ தகாபுலோ, உங்கள் ஒப்பந்தத்தில் வெள்ளமும் இயற்கை அனர்த்தமும் சேர்ந்திருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன்பே வாசித்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வாகனத்தைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் என்று தெரிந்தால் இழப்பீட்டில் பிரச்சினை வரக்கூடும். கழற்றும் முன் அவர்களுக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தண்ணீருக்குள் இறங்காமல் இருப்பதே மேல்

இவ்வளவும் வாகனம் நின்ற பிறகு செய்ய வேண்டியவை. தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. எயார் பில்டருக்குக் காற்று போகும் குழாயின் வாய் உங்கள் வாகனத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்றே பொனட்டைத் திறந்து பார்த்து வையுங்கள். சிறிய கார்களில் அது ஹெட்லைட் உயரத்தில்தான் இருக்கும். முன்னால் போகும் பஸ் எழுப்பும் அலை அந்த உயரத்தை இலகுவாக எட்டும்.

ஓடும் தண்ணீர் என்றால் பேச்சே இல்லை. ஓடும் தண்ணீரில் ஒரு அடி ஆழமே சிறிய காரை மிதக்க வைத்துத் தள்ளப் போதுமானது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை நாம் மறக்க முடியாது. காரை விடப் பாரமும் உயரமும் கூடிய வாகனம் அது.

இந்த விடயங்களை வீட்டில் வாகனம் ஓட்டும் பிள்ளைகளுக்கும், உங்களிடம் வேலை செய்யும் சாரதிகளுக்கும் மழை தொடங்க முன்பே சொல்லி வையுங்கள். தண்ணீரில் நின்றால் சாவியைத் திருப்பாதே, முதலில் எனக்குக் கோல் எடு என்ற ஒரு வார்த்தையாவது அவர்களுக்கு நினைவிருக்கட்டும்.